மீளா வழியும் மீளா உலகும்: சூப்பர் மாரியோ பிரதர்ஸ் நகர்திரை ஆட்டமும் பரமபத சோபானப் படமும்

ஆய்வுச் சுருக்கம்

1985ஆம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்த ‘சூப்பர் மாரியோ பிரதர்ஸ்’ என்னும் நிகழ்பட ஆட்டம், திரையின் இடப்புறத்திலிருந்து வலப்புறம் நோக்கி ஓடியும் தாவியும் செல்லும் ஆட்டவகைக்கு இலக்கணம் வகுத்தது. தமிழக வைணவ மரபில் வைகுண்ட ஏகாதசி இரவில் ஆடப்பெறும் பரமபத சோபானப் படமும் ஒரு வழிச்செலவையே ஆட்டமாக்கியது. நம்மாழ்வாரின் அவதாரத் தலமாகிய ஆழ்வார்திருநகரியின் வழிபாட்டு, சுவடி மரபுகளைப் பின்புலமாகக் கொண்டு, இவ்விரு ஆட்டங்களிலும் வழி, வீழ்ச்சி, மீட்சி ஆகியவை அமைந்துள்ள முறையை இக்கட்டுரை விளக்குகிறது. ஒன்றிலிருந்து மற்றொன்று தோன்றியது என நிறுவுவது இதன் நோக்கமன்று.

திறவுச்சொற்கள்: நகர்திரை ஆட்டம், மாரியோ, பரமபத சோபானம், ஆற்றுப்படை, அந்தாதி, ஆழ்வார்திருநகரி.

முன்னுரை

விளையாட்டைப் பொருட்படுத்தத்தக்க பொருளாகக் கொள்வது தமிழ் இலக்கண மரபுக்குப் புதிதன்று. தொல்காப்பியத்தின் மெய்ப்பாட்டியல், உவகை பிறக்கும் களங்கள் நான்கனுள் ஒன்றாக விளையாட்டை வைக்கிறது. உரியியல், கெடவரல், பண்ணை என்னும் இரு சொற்களுக்கும் விளையாட்டு என்றே பொருள் கூறுகிறது. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் ‘தமிழ்நாட்டு விளையாட்டுக்கள்’ என ஒரு தனி நூலே எழுதினார். ஆயினும் நாட்டுப்புற ஆட்டங்களைத் தொகுப்பதில் தமிழ்த்துறைகள் காட்டிய ஊக்கம், தொலைக்காட்சித் திரையில் ஆடப்பெற்ற ஆட்டங்களின்பால் திரும்பவில்லை. 1990களில் தமிழகத்துச் சிற்றூர்களிலும் ‘டிவி கேம்’ எனப் பெயர் பெற்று ஒரு தலைமுறையின் மாலைப்பொழுதுகளை நிரப்பிய ஆட்டம், பாவாணர் தொகுத்த ஆட்டங்களைப்போன்றே கைமாறிக் கைமாறிக் கற்கப்பட்டது. எழுத்து வழியாக அதைக் கற்றவர் மிகச் சிலரே.

மாரியோவைத் தமிழ் ஆட்ட மரபில் எதனோடு வைத்து ஒப்பிடலாம் என்னும் கேள்விக்குப் பரமபத சோபானமே பொருத்தமான விடை. இரண்டும் வழிச்செலவு ஆட்டங்கள். இரண்டிலும் ஆடுவோரின் எதிரில் ஒரு முடிவிடம் உண்டு. இடையில் ஏற்றங்களும் வீழ்ச்சிகளும் உண்டு. இரண்டும் தத்தம் காலத்தில் மலிந்த படிகளாகப் பரவியவை: ஒன்று அச்சுத்தாளில், மற்றொன்று உரிமமில்லாத நகல் பொறிகளில்.

நகர்திரை இயங்கும் விதம்

‘சைடு ஸ்க்ரோலர்’ எனப்படும் வகையை இக்கட்டுரை ‘நகர்திரை ஆட்டம்’ எனக் குறிக்கிறது. பாத்திரம் பக்கத்தோற்றத்தில் நிற்கும். நிலக்காட்சி அதன் பின்னே கிடைமட்டமாக நகரும். தாவி ஏறுவதற்குரிய திண்டுகளும் மேடைகளும் அந்நிலக்காட்சியில் இருக்குமாயின், அது ‘பிளாட்பார்ம்’ வகையுமாகும்.

மாரியோ இவ்வகையின் முதல் ஆட்டமன்று. ஷிகெரு மியாமோட்டோ உருவாக்கிய ‘டாங்கி காங்’ (1981) ஆட்டத்தில் மாரியோவே ‘ஜம்ப்மேன்’ என்னும் பெயரோடு தாவினார். ஆனால் அங்குத் திரை அசையவில்லை. டேவிட் கிரேன் எழுதிய ‘பிட்ஃபால்’ (1982) காட்டைக் காட்டியது. ஒரு திரை முடிந்ததும் அடுத்த திரை சட்டென மாறி வந்தது. நாம்கோ நிறுவனத்தின் ‘பேக்லேண்ட்’ (1984) நகரும் நிலத்தின்மீது ஓடியது. மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் வடிவமைத்து, கோஜி கொண்டோ இசையமைத்து, நிண்டெண்டோவின் ஃபேமிகாம் பொறிக்கென 1985 செப்டம்பர் 13 அன்று வெளிவந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ், இம்முயற்சிகள் அனைத்தையும் ஒழுங்குபடுத்தியது. வட அமெரிக்காவில் 1983இல் நிகழ்பட ஆட்ட வணிகம் சரிந்து கிடந்தது. அது மீண்டெழுந்ததில் இவ்வாட்டத்துக்குப் பெரும்பங்கு உண்டு. விற்ற படிகள் 4 கோடிக்கும் மேல். நகல் பொறிகள் வழி ஆடப்பட்டவை இக்கணக்கில் வாரா.

இதன் நிரலும் ஓவியங்களும் சேர்ந்து 40 கிலோபைட் மட்டுமே. இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் இதனினும் பன்மடங்கு பெரியது. இவ்வளவு சிறிய இடத்தில் 8 உலகங்கள், உலகத்துக்கு 4 கட்டங்கள் என 32 கட்டங்கள் அடங்க வேண்டியிருந்தமையால் சிக்கனமே அழகியலாயிற்று. வானத்து முகிலும் தரையிலுள்ள புதரும் ஒரே வடிவம். நிறம் மட்டுமே வேறு. முகில் வெண்மையாகவும் புதர் பசுமையாகவும் தீட்டப்பட்டிருப்பதால், பல்லாண்டு ஆடியவர்களும் இதைக் கண்டறிந்ததில்லை. முதற்பொருள் மாறாமல் கருப்பொருளின் சாயல் மட்டும் மாற, நிலமே மாறியதாகத் தோன்றும் இவ்வுத்தியைத் திணைக் கோட்பாடு பயின்றோர் எளிதில் உணர்வர். பகல், இரவு, பாதாளம், நீரடி, கோட்டை என மாரியோவின் நிலங்கள் அனைத்தும் மிகச் சில ஓடுகளைத் திரும்பத் திரும்ப அடுக்கியும் நிறம் மாற்றியும் ஆக்கப்பட்டவையே.

திரை நகர்வதும் இத்தகைய சிக்கனத்தின் விளைவே. ஒரு கட்டம் முழுவதும் பொறியின் நினைவகத்தில் விரிந்து கிடப்பதில்லை. ஆடுபவர் வலப்புறம் செல்லச் செல்ல, கண்ணுக்குத் தெரியாத விளிம்பிற்கு அப்பால் அடுத்தடுத்த நெடுவரிசைகள் எழுதப்படுகின்றன. கடந்து வந்தவை அழிக்கப்பட்டு அவ்விடம் புதியவற்றுக்கு வழங்கப்படுகிறது. கட்டத்தின் விவரிப்பு இடமிருந்து வலமாகவே வாசிக்கப்படும். பின்னோக்கி வாசிக்கும் ஏற்பாடு இல்லை. ஆகவே மாரியோ திரைக்குள் பின்னால் நடக்கலாம். திரை பின்னால் நகராது. இடப்புற விளிம்பு சுவராக நின்று தடுக்கும். விட்டுவந்த நாணயம் விட்டதுதான்.

இக்கிடைமட்டக் காட்சிமுறை தமிழ்நிலத்துக்கு அயலானது அன்று என்பதற்குத் தாமிரபரணிக் கரையிலேயே சான்று காட்டலாம். திருப்புடைமருதூர் நாறும்பூநாதர் கோயில் கோபுரத்தின் உள்தளங்களில் உள்ள சுவரோவியங்கள் நிகழ்ச்சிகளை நீண்ட பட்டைகளாக அடுக்கிச் சொல்கின்றன. பார்ப்பவர் சுவரை ஒட்டி நடந்தாலன்றிக் கதை நகராது. தென்மாவட்டங்களில் வழங்கிய தோற்பாவைக்கூத்திலோ ஒளியூட்டிய வெண்துணியின்மீது பாவைகள் பக்கத்தோற்றத்தில் நகரும், நிலம் அசையாது. நகர்திரை ஆட்டம் இவ்விரண்டையும் தலைகீழாக்குகிறது: பார்ப்பவரும் அசைவதில்லை, பாத்திரமும் ஏறத்தாழத் திரையின் நடுவிலேயே நிற்கிறது, நிலமே நடக்கிறது. இலக்கியத்தில் இதற்கு மிக அணுகிய வடிவம் உலா. தலைவன் வீதி வழியே வர, பேதை முதல் பேரிளம்பெண் ஈறாக எழுபருவ மகளிரும் வரிசை மாறாமல் எதிர்ப்படுகின்றனர். பேதைக்குப்பின் பெதும்பை, திரும்பிச் சென்று பேதையை மறுமுறை காணும் உலா இல்லை. வீதியே கட்டம், பருவமே படிநிலை.

முதற்கட்டம் ஓர் ஆற்றுப்படை

1-1 எனக் குறிக்கப்படும் முதற்கட்டம் ஏறத்தாழ 13 திரை அகலமுடையது. ஆட்டத்தின் பிற பகுதிகள் பெரிதும் அமைந்தபின், இறுதியிலேயே இக்கட்டத்தை வடிவமைத்ததாக மியாமோட்டோ கூறியுள்ளார். முழு வழியையும் அறிந்தவரே முதலடி எடுத்து வைப்பவருக்கு வழி சொல்ல இயலும் என்பதால் இவ்வரிசை பொருளுடையது.

இக்கட்டத்தில் அறிவுரை வாசகம் ஒன்றுகூட இல்லை. தொடக்கத்தில் மாரியோ திரையின் இடப்புறம் நிற்கிறார், வலப்புறம் வெற்றிடம். எத்திசையில் செல்வது என்பதை இடம் ஒதுக்கிய முறையே உணர்த்திவிடுகிறது. சில அடிகளில் ‘கூம்பா’ என்னும் சிற்றுயிர் எதிரே வருகிறது. வாளாவிருந்தால் அது மோதி மாரியோ இறப்பார். இழப்பு சிறிது, திரும்பத் தொடங்குவதும் எளிது. தாவினால் தப்பலாம்; தலையில் மிதித்தால் அது நசுங்கும். அடுத்து வினாக்குறியிட்ட கட்டியை முட்டினால் காளான் வெளிப்பட்டு வலப்புறம் ஓடுகிறது. குழாயில் மோதித் திரும்பி ஆடுபவரை நோக்கியே வருகிறது. பகை என்றஞ்சி விலகத் தாவினாலும், மேலேயுள்ள கட்டிகள் தடுப்பதால் பெரும்பாலும் அதன்மீதே விழ நேர்கிறது. மாரியோ வளர்கிறார். எதிர்வருவன யாவும் பகையல்ல என்பதை ஆடுபவர் தம் உடலால் அறிந்துகொள்கிறார்.

கட்டத்தின் பிற்பகுதியில் இரண்டு படிக்கட்டுகள் எதிரெதிராக நிற்கும் அமைப்பு இருமுறை வருகிறது. முதல்முறை இரண்டுக்கும் இடையே தரை உண்டு. தவறி விழுந்தால் கேடில்லை. இரண்டாம் முறை அதே வடிவம், அதே அகலம். ஆனால் இடையில் படுகுழி. பயிற்சியும் தேர்வும் அடுத்தடுத்து வைக்கப்பட்டுள்ள இம்முறையை, பள்ளிப் பாடநூல் ஆக்குவோர் நோக்கினால் பயன் உண்டு.

வழி அறியாதவனை, வழி நடந்து பயன்பெற்றவன் ஆற்றுப்படுத்துவதே ஆற்றுப்படைத் துறை. பத்துப்பாட்டின் பத்துப் பாடல்களில் ஐந்து ஆற்றுப்படைகள். எந்நிலம் முதலில் வரும், அங்கு யார் இருப்பர், என்ன உணவு கிடைக்கும், எங்கே இடர் உண்டு என வரிசைப்படுத்திச் சொல்லிப் புரவலன் வாயில் வரை கொண்டு சேர்ப்பது அதன் அமைப்பு. மலைபடுகடாத்தில் வழியின் இடர்கள் எச்சரிக்கைகளாக விரிவதை நோக்கினால், 1-1 கட்டத்தோடு ஒற்றுமை தெளிவாகும். வேற்றுமையும் அவ்வளவே தெளிவு. ஆற்றுப்படையில் வழி சொல்பவனின் குரலே எல்லாம். மாரியோவில் வழி சொல்பவன் இல்லை, வழியே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. தமிழகச் சிறுவர்க்கு ஆங்கிலமோ ஜப்பானிய மொழியோ தெரியாமலேயே இவ்வாட்டம் வசப்பட்டதற்குக் காரணம் இதுவே. ஆமை, காளான், குழாய், நாணயம் என அதிலுள்ள பொருள்கள் கண்டவுடன் தமிழ்ப்பெயர் பெறத்தக்கவை. ‘ஸ்டேஜ்’, ‘லைஃப்’, ‘கேசட்’ ஆகிய சில சொற்களே கடனாக வந்தன. அவற்றுள்ளும் ‘கேசட்’ என்பது பாட்டு நாடாவுக்கும் ஆட்டப் பேழைக்கும் பொதுவாக வழங்கிய பெயர்.

ஏணியும் பாம்பும் குழாயும்

பரமபத சோபானம் என்பதற்குப் பரமபதத்திற்குரிய படிக்கட்டு என்பது பொருள். இதே பெயரில் வேதாந்த தேசிகர் இயற்றிய தமிழ்ப் பிரபந்தம், விவேகம் தொடங்கிப் பரமபதம் அடைதல் வரையிலான ஒன்பது படிகளை முறைப்படுத்துகிறது. படத்தின் ஆட்டமும் நூலின் படிமுறையும் ஒன்றல்ல. ஆயினும் வீடுபேற்றை ஏறிச்செல்லும் வரிசையாகக் காணும் மனப்பாங்கு இரண்டிற்கும் பொது.

இப்பலகை ஆட்டம் இந்தியாவின் பல பகுதிகளில் பல பெயர்களில் வழங்கியது. சமணரிடையே ஞான சௌபர் எனப்பட்டது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்து சென்று ‘பாம்பும் ஏணியும்’ ஆகி, சமயப் பொருளை உதிர்த்து, நூறு கட்டங்களாகச் சுருங்கி, குழந்தைகள் ஆட்டமாகத் திரும்பி வந்தது. தமிழ்ப் படத்தில் அப்பொருள் இன்னும் எஞ்சி நிற்கிறது. கீழ்வரிசைகளில் விலங்கும் பறவையும், இடையில் மாந்தரும் புராணப் பாத்திரங்களும், மேல்வரிசைகளில் தேவருலகங்களும், உச்சியில் வைகுண்டமும் தீட்டப்பட்டிருக்கும். நற்செயல் நின்ற கட்டத்தில் ஏணியின் அடி. தீச்செயல் நின்ற கட்டத்தில் பாம்பின் வாய். தாயக்கட்டை அல்லது சோழி உருட்டிக் காயை நகர்த்துவர். பல வீடுகளில் தாயம் விழுந்தாலன்றிக் காய் இறங்குவதில்லை.

காய் செல்லும் போக்கு கவனிக்கத்தக்கது. முதல் வரிசை இடமிருந்து வலம். அடுத்தது வலமிருந்து இடம். ஏர் உழும் எருது சாலின் முனையில் திரும்புவதுபோல் வரிசைதோறும் திசை மாறும். ஆகவே பரமபதமும் அடிப்படையில் கிடைமட்ட ஆட்டமே. அதன் கட்டங்கள் அனைத்தையும் மடிப்பு நீக்கி ஒரே வரிசையாக நீட்டினால், மாரியோவின் கட்டம்போல் நீண்டதொரு வீதி கிடைக்கும். மேலேறுதல் என்பது வரிசை முடிவில் ஒரு படி. அல்லது ஏணியின் அருளால் பல படி.

மாரியோவில் ஏணியின் இடத்தைக் குழாய் பெறுகிறது. 1-2 என்னும் பாதாளக் கட்டத்தில் மேற்கூரையின்மீது ஏறி ஓடி, வெளியேறும் வழியையும் தாண்டிச் சென்றால், 2, 3, 4 ஆகிய உலகங்களுக்கு நேரே செல்லும் மூன்று குழாய்கள் உள்ள மறைவறை கிடைக்கும். 4-2 கட்டத்திலும் இத்தகைய மறைவழி உண்டு. அதன்வழி எட்டாம் உலகையே எட்டலாம். 32 கட்டங்களை இவ்வாறு 8 கட்டங்களாகக் குறைத்து, 5 நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் ஆட்டத்தை முடிப்போர் உளர். பரமபதத்தின் ஏணி எல்லோர் கண்ணுக்கும் தெரியும். ஆனால் விரும்பி ஏற இயலாது. மாரியோவின் குழாய் கண்ணுக்கு மறைந்தது. ஆனால் அறிந்தவர் விரும்பியபோதெல்லாம் ஏறலாம். ஏணி அருள், குழாய் மறைபொருள் அறிவு. நண்பர் வாய்மொழியாகவே இக்குழாய்களின் இருப்பிடம் தமிழகத்தில் பரவியது என்பதையும் சேர்த்து நோக்கினால், அது குருபரம்பரை வழியை ஒத்தது எனலாம். ஒப்புமை சற்றே விளையாட்டானதுதான். விளையாட்டைப் பற்றிய கட்டுரையில் அதற்கு இடம் உண்டு.

பிரெஞ்சு அறிஞர் ரோஜே கைய்வா 1958இல் வெளியிட்ட நூலில் ஆட்டங்களைப் போட்டி, வாய்ப்பு, பாவனை, தலைசுற்றல் என நான்காகப் பகுத்தார். பரமபதம் முழுதும் வாய்ப்பின்பாற்பட்டது. ஆடுபவரின் திறமைக்கு அங்கு இடமே இல்லை. கருமப் பயனை விளக்க வந்த ஆட்டத்தில் கருமம் செய்யும் உரிமை ஆடுபவருக்கு இல்லை என்பது முரணாகத் தோன்றலாம். வைணவ நோக்கில் அது முரணன்று. தன் முயற்சியால் வீடு கிட்டாது, அருளே வழி என்னும் சரணாகதிக் கொள்கைக்குத் தாயக்கட்டை ஒவ்வாத கருவியன்று. மாரியோவோ ஏறக்குறைய முழுதும் போட்டியின்பாற்பட்டது. ஒரே கணத்தில் ஒரே பொத்தானை அழுத்தினால் ஒரே விளைவு. வீழ்ந்தவர் வேறு எதையும் நோக முடியாது. தம் விரலையே நோக வேண்டும்.

பாம்பைப் பற்றி ஒரு சொல். படத்தில் வீழ்த்துவது பாம்பு. உச்சியில் திருமாலுக்குப் பள்ளியாவதும் பாம்பே. ஆழ்வார்திருநகரியில் நம்மாழ்வார் யோகத்தில் அமர்ந்திருந்த உறங்காப்புளியை ஆதிசேடனின் வடிவமாகத் தலபுராணம் போற்றுகிறது. பாம்பு தீமையின் குறி மட்டுமே எனக் கொண்டு இப்படத்தை வாசிப்பது, இங்கிலாந்து சென்று திரும்பிய ஆட்டத்தை வாசிப்பதாகும்.

மீளாமை

வைகுண்டம் மீளா உலகம். அங்குச் சென்ற உயிர் பிறவிக்குத் திரும்புவதில்லை என்பது வைணவத் துணிபு. திருவாய்மொழியின் பத்தாம் பத்தில் ஒன்பதாம் திருவாய்மொழி, உயிர் அவ்வுலகிற்குச் செல்லும் அர்ச்சிராதி வழியைப் பாடுகிறது. முகிலும் கடலும் மகிழ, இடையிலுள்ள உலகத்தார் எதிர்கொண்டு போற்ற, இறுதியில் வைகுண்ட வாயிலில் அமரர் வரவேற்க, செலவு படிப்படியே விரிகிறது. பிள்ளை லோகாசாரியர் இவ்வழியையே பொருளாகக் கொண்டு ‘அர்ச்சிராதி’ என்னும் நூலை இயற்றினார். ஒரு பாட்டின் ஈறு அடுத்த பாட்டின் முதலாக வரும் அந்தாதித் தொடை, இவ்வழிச்செலவுக்கு மிகப் பொருந்துகிறது: ஒரு காட்சியின் விளிம்பிலேயே அடுத்த காட்சி தொடங்கிவிடுகிறது.

இப்பின்புலத்தில் இரு ஆட்டங்களையும் வைத்தால் அவற்றின் தலைகீழ் உறவு புலனாகும். பரமபதத்தில் வழி முழுதும் மீட்சிக்குரியது. உச்சிக்கு ஓரிரு கட்டம் முன்னரும் பெரும்பாம்பு காத்திருக்கிறது. அதன் வாய்ப்பட்ட காய் அடிவரிசைக்கே இறங்கிவிடும். மீளாதது முடிவிடம் ஒன்றே. மாரியோவில் வழியே மீளாதது. கடந்த நிலம் கடந்ததுதான். ஆனால் முடிவிடம் நிலையானதன்று. முதல் ஏழு உலகங்களின் கோட்டைகளில் எதிரியை வென்று உள்ளே சென்றால், இளவரசி வேறொரு கோட்டையில் இருப்பதாகவே செய்தி கிடைக்கும். எட்டாம் உலகின் இறுதியில் அவர் மீட்கப்பட்டதும், அதே உலகங்கள் வலிமை கூடிய எதிரிகளுடன் மீண்டும் திறக்கின்றன. முதல் ஆட்டத்தில் கூம்பா நின்ற இடங்களில் இப்போது எளிதில் நசுங்காத வண்டு நிற்கிறது. வீடு அடைந்தவர்க்கு மறுபிறப்பு.

கோட்டைகள் சிலவற்றில், குறிப்பாக 4-4, 7-4, 8-4 ஆகியவற்றில், தவறான வழியில் சென்றால் அதே கூடம் திரும்பத் திரும்ப வரும். திரை வலப்புறமே நகர்கிறது. ஆடுபவரும் முன்னேறுவதாகவே எண்ணுகிறார். உண்மையில் நின்ற இடத்திலேயே சுழல்கிறார். பரமபதத்தில் வீழ்ந்தவர்க்குத் தாம் வீழ்ந்தது தெரியும். இங்கோ சுழற்சி முன்னேற்றத்தின் வேடத்தில் வருகிறது. கடிகாரம் மட்டும் குறைந்துகொண்டே செல்லும். பிறவிச் சுழலை விளக்க இதனினும் நுட்பமான ஆட்டப்பகுதி அமைவது அரிது. அமைத்தவர்களுக்கு அந்நோக்கம் இருந்ததாகக் கொள்ளவேண்டியதில்லை.

எனினும் வழிபாட்டு மரபு மீளாமையையும் நெகிழ்த்தியிருக்கிறது. திருவாய்மொழி 1102 பாசுரங்களும் அந்தாதியாய்த் தொடர்ந்து, முதற்பாசுரத்தின் தொடக்கச்சொல்லிலேயே வந்து மண்டலித்து முடிகின்றன. இறுதி வரி முதல் வரிக்கு வாயில் திறக்கிறது. அரையர் சேவை இன்றும் வழங்கும் மிகச் சில தலங்களுள் ஒன்று ஆழ்வார்திருநகரி. மார்கழியில் பகல்பத்து, இராப்பத்து என நிகழும் அத்யயன உற்சவத்தின் நிறைவு ஆழ்வார் மோட்சம். ஆழ்வார் திருவடி சேர்ந்ததாகப் பாவித்தபின், உலகோரின் பொருட்டு அவரைத் திருப்பித் தருமாறு இறைவனை வேண்டிப் பெறும் மரபு திருவரங்கம் முதலிய தலங்களில் உண்டு. மீளா உலகம் சென்றவர் மீளவில்லையெனில் அடுத்த மார்கழியில் விழா நிகழ வழியில்லை. சடங்கும் ஆட்டமும் இவ்விடத்தில் ஒரே தேவைக்கு உட்பட்டவை: மறுபடி நிகழ்த்தப்பட வேண்டும்.

வழிவந்தவை

மாரியோவின் வழிவந்த ஆட்டங்கள் மிகப் பல. இங்கு ஒருசிலவே போதும். 1990இல் அமெரிக்க நிரலர் ஜான் கார்மாக், அதுவரை கணினித் திரைகளால் இயலாதிருந்த சீரான நகர்வை இயற்றிக் காட்டினார். அதற்குச் சான்றாக அவரும் நண்பர்களும் ஆக்கியது மூன்றாம் மாரியோ ஆட்டத்தின் முதற்கட்டப் படியே. நிண்டெண்டோ அதை ஏற்கவில்லை. அவர்கள் அத்தொழில்நுட்பத்தைக் கொண்டு ‘கமாண்டர் கீன்’ ஆட்டத்தை வெளியிட்டு, பின்னர் ‘டூம்’ (1993) வரை சென்றனர். சேகாவின் ‘சோனிக்’ (1991) விரைவை முதன்மையாக்கியது. ‘பிரெய்ட்’ (2008) மாரியோவின் மீளா வழிக்கு நேர்மாறாகக் காலத்தையே பின்னோக்கி ஓட்டியது. இளவரசி வேறு கோட்டையில் இருக்கும் செய்தியையும் எடுத்துக்கொண்டு அதன் பொருளைக் கசப்பாக்கியது. ‘செலஸ்ட்’ (2018) மலையேற்றத்தை மனநோயோடு போராடுதலின் உருவகமாக்கியது. மாரியோவின் பின்னணி இசை 2023இல் அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் தேசிய ஒலிப்பதிவுப் பட்டியலில் இடம்பெற்றது. அப்பட்டியலில் சேர்ந்த முதல் நிகழ்பட ஆட்ட இசை அது.

தமிழில் இவ்வகையின் வழித்தோன்றலாகப் பெயர் பெற்ற ஆட்டம் எழவில்லை. டொராண்டோவின் விசை கேம்ஸ் 2023இல் வெளியிட்ட ‘வெண்பா’, கனடாவில் குடியேறிய தமிழ்க் குடும்பத்தின் கதையைச் சமையல் வழியாகச் சொல்லி உலக விருதுகளைப் பெற்றது. அது நகர்திரை ஆட்டமன்று. ஆயினும் ஆட்டத்திற்குள் தமிழ் எழுத்தும் தமிழ் வீடும் பொருளாக முடியும் என்பதைக் காட்டியது.

ஆவணமாகாத இரண்டு

உ.வே. சாமிநாதையர் பத்துப்பாட்டைப் பதிப்பிக்கச் சுவடி தேடி ஆழ்வார்திருநகரி வந்ததையும், லட்சுமணக் கவிராயர் வாயிலாக அங்கு அவருக்குச் சுவடி கிடைத்ததையும் தம் எழுத்துகளில் பதிந்திருக்கிறார். பத்துப்பாட்டு 1889இல் அச்சேறியது. மேலே எடுத்துக்காட்டிய ஆற்றுப்படைகள் இன்று முழுமையாகக் கைக்கொள்ளக் கிடைப்பதில் இவ்வூருக்கும் பங்குண்டு. அன்று கவிராயர் வீடுகளில் சுவடி இருந்ததுபோல, இன்று இப்பள்ளத்தாக்கின் வீடுகளில் மடித்து வைத்த பரமபதப் படங்களும், பரணில் போட்ட நகல் பொறிகளும் இருக்கக்கூடும். முன்னது தாள் நைந்து அழிகிறது. பின்னது பழுதுபார்ப்பாரின்றிக் குப்பைக்குச் செல்கிறது.

இவற்றுள் மாரியோவின் நிலை அவ்வளவு கவலைக்குரியதன்று. அதன் 40 கிலோபைட்டும் உலகெங்கும் படியெடுக்கப்பட்டு, ஒவ்வோர் எண்ணும் ஆராயப்பட்டுவிட்டது. நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் உள்ள ஸ்ட்ராங் அருங்காட்சியகம் 2015இல் தன் புகழ்க்கூடத்தில் சேர்த்த முதல் ஆறு ஆட்டங்களுள் அதுவும் ஒன்று. அழிவது, அது தமிழகத்தில் ஆடப்பட்ட முறை: வாடகைக்கு ஆடவிட்ட கடைகள், ஒரு பொறிக்கு நால்வர் முறைவைத்த ஒழுங்கு, கட்டங்களுக்கும் எதிரிகளுக்கும் இட்டு வழங்கிய பெயர்கள். 1990களில் ஆடியவர்கள் இன்று நடுவயதினர், கேட்டால் சொல்லக்கூடியவர்கள். கள ஆய்வு செய்யும் மாணவர்க்கு இது தாலாட்டு, ஒப்பாரி சேகரிப்பினும் அருமையான பணியன்று.

பரமபதத்தின் நிலை வேறு. அச்சுப்படங்கள் ஒன்றுக்கொன்று கட்ட எண்ணிக்கையிலும், பாம்புகளுக்கு இட்ட பெயர்களிலும், ஓவியங்களிலும் வேறுபடுகின்றன. பதிப்பாசிரியர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் தருவதுபோல இவ்வேறுபாடுகளை ஒப்பிட்டுத் தரலாம். ஆனால் ஆட்டவிதிகளுள் பெரும்பகுதி படத்தில் அச்சிடப்படுவதே இல்லை. தாயம் விழாமல் காய் இறங்கலாமா, ஒருவர் காய் நின்ற கட்டத்தில் மற்றொருவர் வந்தால் வெட்டு உண்டா, வைகுண்டக் கட்டத்தில் நுழையச் சரியான எண்ணே விழ வேண்டுமா, மிகுந்த எண்ணும் ஏற்கப்படுமா என்பவை வீட்டுக்கு வீடு மாறுகின்றன. ஏகாதசி இரவில் ஆடத் தொடங்கும் முன் வீட்டின் மூத்த பெண்மணி வாயால் சொல்லும் விதியே அவ்வீட்டின் விதி.